பழைய சினிமா நகைச்சுவையை இன்று பார்க்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் தெருப் படிப்பகத்தின் மாடிக் கூடத்தில் மாதம் ஒரு பழைய தமிழ்ப் படம் போடுகிறோம். ஐம்பது அறுபது பேர் வருவார்கள். படம் முடிந்து பாயைச் சுருட்டுவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். கதையைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ சண்டை வருவதில்லை; நகைச்சுவைக் காட்சிகளைப் பற்றித்தான் வரும். கூட்டத்துக்குக் கூட்டம் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பதில்கள் என் பொறுப்பு.

அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது மட்டும் ஏன் மனம் புண்படுகிறது?

எல்லோரும் சிரித்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தை நாங்கள் போட்ட மாலைதான் எனக்கு அந்த நம்பிக்கை போன மாலை.

வாழைப்பழக் காட்சிக்குக் கூடமே அதிர்ந்தது. இரண்டு பழம் வாங்கிவரப் போன செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு திரும்புகிறார். இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி கேட்கிறார். அந்த இன்னொன்றுதான் இது என்கிறார் செந்தில். ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே நொடியில் சிரித்தார்கள்.

அதே படத்தில் கார் காட்சியும் உண்டு. கரகாட்டக் குழுவிடம் உள்ள பழைய கார் ஒரு காலத்தில் சொப்பன சுந்தரி என்ற பெண் வைத்திருந்தது. காரை இப்போது நாம் வைத்திருக்கிறோம், சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பது செந்திலின் சந்தேகம். ஆண்கள் பக்கம் சிரிப்பு குறையவே இல்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சிலர் செல்போனை எடுத்திருந்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா சொன்னார்: “வெளியான வாரமே இதைக் கொட்டகையில் பார்த்தோம். இவர் சிரித்தார், கொழுந்தன் சிரித்தார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.”

அந்த அம்மா 1989இலும் சிரிக்கவில்லை. கொட்டகை இருட்டில் யார் சிரித்தார், யார் தலைப்பைச் சரிசெய்தார் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் கேட்டது, அது எல்லோருடைய சிரிப்பு என்று எடுத்துக்கொண்டோம். இப்போது அவர் அதை வாய்விட்டுச் சொல்கிறார். அவருடைய மருமகளும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்கிறார்கள். திடீரென்று எல்லோருக்கும் மனம் புண்படத் தொடங்கிவிட்டதாக நமக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

ஒரே படம், ஒரே இணை. ஒரு காட்சி வாடாமல் இருக்கிறது, இன்னொன்று உறுத்துகிறது. ஏன்?

இதற்குத் தொல்காப்பியத்தைத் தவிர நல்ல விளக்கம் எனக்கு வேறு கிடைக்கவில்லை. மெய்ப்பாட்டியலில், சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்குச் சொல்கிறது: “எள்ளல் இளமை பேதைமை மடன்என்று / உள்ளப் பட்ட நகைநான்கு என்ப.” எள்ளல் என்றால் இகழ்ந்து சிரிப்பது. இளமை, பிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடம் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் அழகானது: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. பிடித்த பிடியை விடாமல் நிற்பது.

வாழைப்பழக் காட்சி முழுக்க முழுக்க மடம். எத்தனை அடி விழுந்தாலும் எத்தனை தரம் கேட்டாலும் அந்த ஒன்றுதான் இது என்ற பிடியைச் செந்தில் விடுவதில்லை. பழத்தைத் தின்னாதவர் யாரும் உலகத்தில் இல்லை, அகப்பட்டுக்கொண்டபின் பிடிவாதம் பிடிக்காதவரும் இல்லை. அதனால் அந்தக் காட்சியில் நாம் எல்லோரும் செந்தில்.

கார் காட்சி எள்ளலில் சேரும். அது எள்ளுவது யாரை என்று பாருங்கள். சொப்பன சுந்தரி படத்தில் எந்த இடத்திலும் வருவதில்லை. அவளுக்கு ஒரு வசனமும் இல்லை, பதில் சொல்ல வாயும் இல்லை. ‘வைத்திருத்தல்’ என்ற ஒரு வினைச்சொல்லின் இரண்டு பொருள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பெயர் மட்டும்தான் அவள். மொழி விளையாட்டு என்ற அளவில் அது மிகத் திறமையான வசனம், அதை நான் மறுக்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி அந்த வினைச்சொல்லைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று அறிந்த பெண்கள் அதற்குச் சிரிக்கவில்லை என்பதையும் நான் மறக்க முடியாது.

கவுண்டமணி செந்திலை அடிப்பதும் வைவதும் இன்று ஏற்கத்தக்கதா?

அடியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. செந்தில் ஒவ்வொரு முறையும் அடி வாங்கிவிட்டு, அடித்தவரை மேலும் திணறவைக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போவார். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியில் மேண்டிலைப் பிடித்து நசுக்கிவிட்டு நிற்கிறாரே, அங்கே தோற்றவர் யார்? எல்லாம் தெரிந்தவராக உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் கவுண்டமணிதான்.

வசை வேறு விஷயம். உடல் பருமன், நிறம், தலை, பல் என்று கவுண்டமணி எறிந்த சொற்கள் திரையோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் எந்தப் பள்ளிக்கூடத்திலும் தொண்ணூறுகளில் படித்தவர்கள் தங்கள் வகுப்பில் குண்டாகவோ கறுப்பாகவோ இருந்த பையனுக்கு என்ன பட்டப்பெயர் இருந்தது, அது எந்தப் படத்திலிருந்து வந்தது என்று நினைத்துப் பார்க்கட்டும். செந்தில் அந்தச் சொற்களுக்குச் சம்பளம் வாங்கினார். அந்தப் பையனுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கவுண்டமணியின் அதே வாய்தான் பண்ணையாரையும் அரசியல்வாதியையும் கதாநாயகனையும்கூட விட்டுவைக்காமல் கேட்டது. பெரிய மனிதரைப் பார்த்ததும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிய ஊர்களில், கவுண்டமணி பேசியதைக் கேட்டு எளியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவரைப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கவுண்டமணியைத்தான் சொல்கிறார்கள்.

கறுப்பு நிறத்தைக் கிண்டல் செய்யும் காட்சிகளைப் பற்றி?

எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. பழைய படம் என்று ஒதுக்க முடியாத, 2007இல் வந்த ‘சிவாஜி’யையே எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய கதாநாயகன் தமிழ்ப் பெண்ணைத் தேடுகிறான். பக்கத்து வீட்டுத் தகப்பனார் தம் இரண்டு மகள்களைக் காட்டிப் பழகிப் பார்க்கச் சொல்கிறார். பெண்கள் கறுப்பாக இருக்கிறார்கள். கதாநாயகனும் மாமாவும் ஓடுகிறார்கள். காட்சி அவ்வளவுதான்; நிறத்தைத் தவிர அதில் நகைச்சுவை என்று எதுவுமே இல்லை.

அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்களுக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. மூவேந்தரும் முற்றுகையிட்டுத் தந்தையைக் கொன்றபின் அந்தப் பெண்கள் பாடியது புறநானூற்றின் 112ஆவது பாட்டு. அந்த மாத நிலவில் எங்கள் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை என்று ஐந்தே அடியில் முடிந்துவிடும். அதற்குப் பின் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு மணமகன் தேடிப் போகிறார். விச்சிக்கோனிடம் கேட்கிறார், மறுக்கிறான். இருங்கோவேளிடம் கேட்கிறார், அவனும் மறுக்கிறான். 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகளைப் படித்தால் கபிலரின் கோபமும் அவமானமும் இன்றும் சுடும்.

மணம் பேசப் போன இடத்தில் மறுக்கப்படும் துயரம் இந்தப் பெயர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒட்டியிருக்கிறது. அதையே எடுத்துச் சிரிப்புக் காட்சிக்கு வைத்தார்கள். அறிந்து வைத்தார்களா, அறியாமலா என்பது எனக்கு முக்கியமில்லை. தன் நிறத்தால் பெண் பார்க்கும் படலம் ஏழு எட்டு முறை முறிந்துபோன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்களும் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்து அந்தப் படத்துக்குப் போனார்கள். நம் கறுப்பு நிறத்தைக் கம்பீரமாக மாற்றிக்காட்டிய ஒரு நடிகரின் படம் என்று ஆசையோடுதான் போனார்கள்.

திருநங்கைகளைக் காட்டும் காட்சிகள்?

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டுகளிலும் வந்த படங்களில் திருநங்கை ஒருவர் சட்டகத்துக்குள் வந்தாலே பின்னணி இசை மாறும். கைதட்டல், துரத்தல், கதாநாயகனின் நண்பன் அலறிக்கொண்டு ஓடுதல் எல்லாம் ஒரே அச்சு. பெரும்பாலும் அந்த வேடத்தைப் போட்டவரும் ஓர் ஆண் நடிகர்தான்.

ஆண் பெண் வேடம் போடுவது நமக்குப் புதிதில்லை. தெருக்கூத்தில் திரௌபதியும் ஆண்தான். நள்ளிரவில் அவள் துகிலுரியப்படும்போது ஊரே அழும். ‘அவ்வை சண்முகி’யில் (1996) வரும் மாமி வேடத்துக்கும் எங்கள் கூடத்தில் இன்றும் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் அங்கே அவமானப்படுபவர் மாமியைப் பார்த்து மயங்கும் ஆண்கள். திருநங்கை என்ற மனிதரையே அருவருப்பாகக் காட்டுவது இந்த வரிசையில் சேராது.

காலக்கணக்கைப் பார்த்தால் வருத்தம் கூடும். திருநங்கைகளுக்கு நல வாரியத்தை நாட்டிலேயே முதலில் அமைத்தது தமிழ்நாடு, 2008 ஏப்ரலில். மூன்றாம் பாலினத்தவர் என்ற அங்கீகாரத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கியது. ஒன்பது மாதம் கழித்து, 2015 பொங்கலுக்கு வந்த ‘ஐ’ படத்தில் ஒப்பனைக் கலைஞரான திருநங்கைப் பாத்திரம் கேலிக்கும் வெறுப்புக்கும் ஆளானது. சென்னையில் திருநங்கைகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சட்டமும் வாரியமும் வந்த பின்னும் திரைக்கதை எழுதும் மேசைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

உடற்குறையை வைத்த நகைச்சுவை எல்லாமே தவறா?

எல்லாமே தவறு என்று நீதிமன்றமும் சொல்லவில்லை. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இதில் கைகொடுக்கிறது. மறதி நோயுள்ளவர், காது கேளாதவர், திக்குவாய் உள்ளவர் என்று ஒரு குடும்பத்தை வைத்துச் சிரிப்பு மூட்டிய ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படத்தைப் பற்றிய வழக்கு அது. மாற்றுத்திறனாளியைத் தாழ்த்தி மட்டம் தட்டும் நகைச்சுவை ஒன்று. அவருடைய வாழ்க்கையைப் பிறர் புரிந்துகொள்ளச் செய்யும் நகைச்சுவை வேறொன்று என்று நீதிபதிகள் பிரித்துக் காட்டினார்கள்.

1991இல் வந்த ‘சின்னத்தம்பி’யில் கவுண்டமணிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் பார்வை போய்விடும், அதை ஊருக்குத் தெரியாமல் மறைக்கப் படாத பாடு படுவார். இதைப் பார்த்து நான் இன்றும் சிரிக்கிறேன். மறைக்கும் அவஸ்தைக்குச் சிரிக்கிறேன். தன் குறையை உலகத்திடமிருந்து ஒளித்துவைத்து வாழாதவர் யார்? ஆனால் மாலைக்கண் என்பது வைட்டமின் ஏ குறைவால் ஏழைப் பிள்ளைகளுக்கு வந்த நோய். அதைத் தடுக்க 1970 முதலே மைய அரசு சொட்டு மருந்துத் திட்டம் நடத்தியது. அந்தி நேரத்தில் கதவைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் போன பிள்ளைகள் இருந்த ஊர்களில்தான் அந்தப் படம் ஓடியது. எங்கள் கூடத்துக்கு வரும் ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் ஒருவர் இதைச் சொன்ன பிறகு எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

திக்குவாயை வைத்த காட்சிகளுக்கு மட்டும் என்னால் சிரிக்க முடிவதில்லை. என் வகுப்பில் ஒருவனுக்குத் திக்குவாய் இருந்தது. ஒரு படம் வெளியாகி அதில் அப்படி ஒரு பாத்திரம் பிரபலமான ஆண்டில், வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல அவன் எழுந்து நின்றாலே பின் பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வரும். அவன் பிறகு கையை மட்டும் தூக்கத் தொடங்கினான். ஆண்டு முழுவதும் கைதான்.

‘ரத்தக்கண்ணீர்’ போன்ற படங்களை எதில் சேர்ப்பது?

இரண்டிலும் சேர்க்கவேண்டியிருக்கிறது. 1954இல் வந்த அந்தப் படத்தில் எம்.ஆர். ராதா மேல்தட்டு மனிதரின் பாசாங்கையும் மூடப் பழக்கத்தையும் கிழிக்கும்போது, எழுபது ஆண்டு கழித்தும் எங்கள் கூடத்தில் கைதட்டல் எழுகிறது. அதே கதை தொழுநோயை ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாகக் காட்டுகிறது. தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் வருவது. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுதும் குணமாவது. நோய் குணமான பின்னும் ஊருக்குள் வர முடியாமல் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அந்தப் படத்தின் உருவகம் என்ன செய்திருக்கும் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. இந்தப் படத்தைப் போட்டால், தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் நோயைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். ராதாவின் நையாண்டி அதனால் சிறிதும் குறைவதில்லை.

பெண்ணைத் துரத்திக் காதலிக்கும் நகைச்சுவைப் படங்கள்?

பாக்யராஜின் ‘இன்று போய் நாளை வா’ (1981) பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரே தெருவில் மூன்று இளைஞர்கள், குடிவந்த ஒரு பெண், அவளை நெருங்க ஆளுக்கொரு வழி. இந்தி கற்கப் போகும் காட்சியை யாராலும் சிரிக்காமல் பார்க்க முடியாது. அங்கே அடி வாங்குவதும் அசடு வழிவதும் துரத்தும் ஆண்கள். அதனால் படம் பெருமளவு தப்பிக்கிறது என்பது என் கருத்து. உடன்படாத இளம்பெண்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட பின், துரத்தல் என்ற சொல்லே தங்களுக்குச் சிரிப்பாக இல்லை என்றார் ஒரு கல்லூரி மாணவி. அவர் தினமும் ரயிலில் போய்வருபவர். நான் அவரோடு வாதாடவில்லை.

‘முந்தானை முடிச்சு’ (1983) இன்னும் சிக்கலானது. கதாநாயகி வாத்தியார் மேல் பொய்ப் பழி சுமத்தி, குழந்தையைத் தாண்டிச் சத்தியம் செய்து அவரைக் கட்டிக்கொள்கிறாள். ஊர்வசியின் துடுக்கில் அன்று இது வெறும் குறும்பாகத் தெரிந்தது. இன்று பார்ப்பவர்களுக்கு அந்தப் பஞ்சாயத்துக் காட்சி கனமாக இருக்கிறது. முருங்கைக்காயைச் சொல்லாமல் விட முடியாது. படம் வந்து பல ஆண்டுகள் வரை சந்தையில் முருங்கைக்காய் என்று வாய்விட்டுக் கேட்கக் கூசியதாக என் அத்தை சொல்வார். கையால் சுட்டிக்காட்டி “அதில் நான்கு” என்பாராம். கடைக்காரருக்கும் புரியும், பக்கத்தில் நின்றவர்களுக்கும் புரியும்.

அப்படியானால் பழையது எல்லாமே பிற்போக்கா?

இல்லவே இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இருந்த நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. அண்ணா எழுதி 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் அவர் நடத்தும் கிந்தனார் காலட்சேபத்தைப் பாருங்கள். நந்தனார் கதையின் அச்சில் உடுமலை நாராயண கவி எழுதியது. கதாகாலட்சேபம் செய்யும் பாகவதரின் தோரணை அப்படியே இருக்கும். நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கினார், கிந்தன் படிக்க ஏங்குகிறான். ரயிலேறிப் பட்டணம் போகிறான், படித்துப் பெரிய அதிகாரியாக ஊருக்கே திரும்புகிறான். சேரிப் பையனை வைத்துச் சிரிக்காமல், சேரிப் பையனைத் தடுத்தவர்களை வைத்துச் சிரிக்கவைத்தார் கலைவாணர். 1949இல் இது முடிந்திருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து வந்த பல படங்களால் முடியவில்லை. காலம் அப்படி இருந்தது என்று யாராவது சமாதானம் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிந்தனார்தான் நினைவுக்கு வருகிறார்.

தணிக்கைக் குழு இதையெல்லாம் எப்படி விட்டது?

விதி இருக்கிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1991 டிசம்பரில் வெளியான நெறிமுறைகளிலேயே, பெண்களை இழிவுபடுத்தும் காட்சி, உடல் மன நலக் குறையுள்ளவர்களைக் கேலி செய்யும் காட்சி, கொச்சையான இரட்டை அர்த்தச் சொல் ஆகியவை கூடாது என்று இருக்கின்றன. விதியைப் படித்துப் பார்த்தவர்கள் பழைய சிரிப்புக் காட்சிகளின் தொகுப்பு ஒன்றை அரை மணி நேரம் பார்த்தால், விதிக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் விளங்கிவிடும். முத்தத்துக்கும் ரத்தத்துக்கும் கத்தரி எடுத்தவர்கள் நிறத்தையும் உடலையும் பற்றிய கேலியை ஆபத்தாகவே எண்ணவில்லை.

அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டால் என்ன?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931). அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. ஊமைப் பட காலத்துச் சென்னைப் படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. மிஞ்சியிருப்பதையும் கத்தரிக்கோலால் குறைத்தால், நாம் எப்படிச் சிரித்தோம், யாரைச் சிரித்தோம் என்பதற்குச் சாட்சியே இருக்காது. கார் காட்சியை வெட்டியிருந்தால் அந்த அம்மாவின் புடவைத் தலைப்புக் கதையும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. தொலைக்காட்சியில் சாதிப் பெயர் வரும் இடத்தில் ஒலியை மட்டும் நிறுத்துகிறார்கள். நடிகரின் உதடு அசைகிறது, வீட்டில் உள்ள குழந்தை அது என்ன சொல் என்று கேட்கிறது, பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

இதில் கூத்துக்கும் சினிமாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கூத்தில் கட்டியங்காரனும் இசை நாடகத்தில் பபூனும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். முன் வரிசையில் பெண்களும் பிள்ளைகளும் அதிகமென்றால் ஒரு பேச்சு, விடியற்காலை மூன்று மணிக்கு வேறு பேச்சு. ஓர் ஊரில் ஒரு சொல்லுக்கு முகம் சுளித்தால் அடுத்த ஊரில் அந்தச் சொல் வராது. படத்தில் பேசியவர் இதைச் செய்ய முடியாது. 1989இல் பேசியதை 2025இலும் அதே சிரிப்போடு பேசிக்கொண்டிருப்பார். அந்த வேலையைப் படம் போடுபவரும் பார்ப்பவரும்தான் செய்யவேண்டியிருக்கிறது.

எச்சரிக்கை வாசகம் போட்டால் போதுமா?

புகைபிடிக்கும் காட்சியின் மூலையில் 2012 முதல் வாசகம் ஓடுகிறது. அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்? படத்துக்கு முன்னும் பின்னும் நாலு வார்த்தை பேச ஆள் இருப்பது அதைவிட நல்லது. வீட்டில் என்றால் அந்த ஆள் நீங்கள்தான்.

பிள்ளைகளோடு பார்க்கும்போது என்ன செய்வது?

படத்தை நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. காட்சி முடிந்தபின், இதில் உனக்கு யாராக நடிக்க ஆசை என்று கேளுங்கள். வாழைப்பழக் காட்சிக்குப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு செந்தில் என்பார்கள். என் தங்கை மகளுக்குப் பத்து வயது. அங்கவை சங்கவை காட்சிக்குப் பிறகு அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த அக்காக்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்களா?” என்று திருப்பிக் கேட்டாள்.

வடிவேலுவை மட்டும் இந்தத் தலைமுறை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறது?

அவர் அடி வாங்குபவர் என்பதால் என்று நினைக்கிறேன். 2001இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக 2019 மே மாதம் உலகமே பிரார்த்தனை செய்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு முகநூல் பக்கத்தில் இந்தக் கருவிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று சுத்தியலைக் காட்டிக் கேட்டதில் தொடங்கியது அது. வீராப்புப் பேசி, அடி வாங்கி, தூசியைத் தட்டிக்கொண்டு, வலிக்காதது போல நடந்துபோகும் அந்த மனிதரில் வேலை தேடும் இளைஞர்கள் தங்களைப் பார்த்தார்கள்.

இவ்வளவு தெரிந்தும் அந்தக் காட்சிக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. என்ன செய்ய?

சிரியுங்கள். சிரிப்பு கேட்டுக்கொண்டு வருவதில்லை. சிறுவயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்த காட்சி என்றால் அந்த மடியின் சூடும் சேர்ந்து வரும். என் அப்பா கவுண்டமணியின் குரலைக் கேட்டாலே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிக்கத் தொடங்குவார். அந்தச் சிரிப்பை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிரித்து முடித்தபின் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒரு தரம் பாருங்கள், அவர் ஏதாவது சொன்னால், “சினிமாவைச் சினிமாவாகப் பார்” என்று வாயை அடைக்காமல் கேளுங்கள்.

அடுத்த மாதம் என்ன படம்?

‘சபாபதி’. 1941இல் வந்தது, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்திருக்கிறார்கள். சொன்னதை அட்சரம் பிசகாமல் அப்படியே செய்துவைக்கும் வேலைக்காரன். தொல்காப்பியம் சொன்ன மடத்துக்கு அவனைவிட நல்ல உதாரணம் இல்லை.

கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா எல்லாப் படத்தையும் வாசற்படியில் நின்றபடியே பார்ப்பார். வேலைக்காரனை வைத்துச் சிரிக்கும் படத்துக்கு அவர் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கு ஆசை. இந்த முறை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நாற்காலி வேண்டும், மின்விசிறிக்குக் கீழே வேண்டும், படம் முடிந்ததும் முதலில் தான்தான் பேசுவேன் என்று மூன்று நிபந்தனை போட்டார். மூன்றுக்கும் சம்மதித்திருக்கிறோம். இரண்டாம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாருங்கள்.